பையன் சீரியல் பார்ப்பதில்லை, ஆனாலும் பத்தரைக்குத்தான் தூங்குகிறான்: ஏன்?

கேள்வி சுருக்கமாக: ஆறு வயதுப் பையன், ஒன்றாம் வகுப்பு. காலை 7.20க்கு வேன் வந்துவிடும், அதனால் 6.30க்கு எழுப்பியாக வேண்டும். ஒரு படுக்கையறை வீடு. ஹாலில் அத்தை, அதாவது உங்கள் மாமியார், ஏழு மணியிலிருந்து பத்து மணி வரை சீரியல் பார்க்கிறார், இரவில் அங்கேயே படுத்துக்கொள்கிறார். பையன் டிவி பக்கம் திரும்புவதே இல்லை, தரையில் கார் ஓட்டிக்கொண்டிருக்கிறான். ஆனால் பத்தரைக்கு முன்னால் தூங்குவதில்லை. இதற்கு டிவிதான் காரணமா, பெரியவரை நிறுத்தச் சொல்லாமல் வழி ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் டிவிதான் காரணம், அவன் பார்க்காவிட்டாலும். வழியும் இருக்கிறது. அதற்கு அத்தை தன் தொடர்களை எல்லாம் விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் எட்டு மணியிலிருந்து ஒன்பது மணி வரை வீடு நடக்கும் விதம் மாற வேண்டும். பையனை மட்டும் மாற்றப் பார்த்தால் நடக்காது.

முதலில் கணக்கு. பத்தரைக்குத் தூங்கி ஆறரைக்கு எழுந்தால் 8 மணி நேரம். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-ல் வகுத்த அளவுப்படி 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். 3 முதல் 5 வயது என்றால் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13, 1 முதல் 2 வயது என்றால் 11 முதல் 14. உங்கள் பையனுக்கு மிகக் குறைந்த அளவில் பார்த்தாலே தினம் ஒரு மணி நேரம் குறைகிறது. ஐந்து பள்ளி நாளில் 5 மணி நேரம், அதாவது அரை இரவுக்கு மேல். தூக்கம் போதாத சின்னப் பிள்ளை பெரியவர்களைப் போல வாடி வதங்கி உட்காராது. ஓடும், கத்தும், சின்ன விஷயத்துக்கு அழும், ஒரு பக்கம் எழுதுவதற்குள் ஐந்து முறை எழுந்து போகும். அதனால்தான் பல வீடுகளில் "இவனுக்குத் தூக்கமே வரல, எவ்வளவு தெம்பா இருக்கான் பாரு" என்று நினைத்துவிடுகிறார்கள்.

பார்க்காத டிவி எப்படித் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம். பின்லாந்தில் 5, 6 வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களில் செய்த ஆய்வு ஒன்று 2006-ல் வெளியானது. மற்றவர்கள் பார்க்கும் டிவி ஓடிக்கொண்டிருக்கும் அறையில் பிள்ளை இருப்பதும், பெரியவர்களுக்கான நிகழ்ச்சிகள் அதன் கண்ணில் படுவதும் தூக்கக் கோளாறுகளோடு வலுவாகப் பொருந்திப்போனதை அதில் கண்டார்கள். இரண்டும் சேர்ந்து வருகின்றன என்றுதான் அந்த ஆய்வு காட்டுகிறது, ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை. ஆனால் அது எப்படி நடக்கிறது என்பதை உங்கள் ஹாலிலேயே பார்க்கலாம். இன்று இரவு பத்து நிமிடம் பையனின் கையை மட்டும் கவனியுங்கள். சீரியலில் யாரோ அதிர்ச்சி அடையும்போது முகத்தை மூன்று முறை அருகில் காட்டி ஒவ்வொரு முறையும் இசை இடி போல் விழும் இல்லையா? அந்த இடத்தில் காரை ஓட்டும் கை நிற்கும். தலை ஒரு நொடி திரும்பும். பிறகு விளையாட்டைத் தொடர்வான். திடீர்ச் சத்தத்துக்குத் திரும்புவது மூளையின் தானியங்கி வேலை, அவன் விரும்பிச் செய்வதில்லை. மூன்று மணி நேரத்தில் இது எத்தனை முறை நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தூக்கம் மெல்ல இறங்கி வரவேண்டிய நேரத்தில் உடம்பு திரும்பத் திரும்ப உஷாராகிறது.

சத்தத்தோடு கதையும் உள்ளே போகிறது. ஆறு வயதில் கதைப் பின்னல் முழுதாகப் புரியாது, குரலின் தொனி நன்றாகப் புரியும். மாமியாரும் மருமகளும் கத்துவது, ஒருவர் விம்மி அழுவது, யாரோ யாரையோ மிரட்டுவது எல்லாம் அவனுக்குத் தன் வீட்டு மனிதர்கள் பேசுகிற அதே மொழியில், அதே உறவுப் பெயர்களோடு காதில் விழுகின்றன. வெளிநாட்டுக் கார்ட்டூன் சண்டையைவிட இது அவனுக்கு நெருக்கமானது. பாம்பு, பேய், மந்திரவாதி வருகிற தொடர்கள் இன்னும் மோசம். மூன்றிலிருந்து ஏழு வயது வரை நிஜத்தையும் கற்பனையையும் பிரித்துப் பார்க்கும் திறன் முழுதாக வந்திருக்காது. அந்த வயதில் "அது சும்மா நடிப்புடா" என்று சொல்வது பகலில் கொஞ்சம் உதவும், இருட்டில் உதவாது.

அடுத்தது வெளிச்சம். டிவியின் நீல ஒளிதான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று எங்கும் எழுதுகிறார்கள். எட்டு பத்து அடி தள்ளி உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கண்ணுக்கு டிவியிலிருந்து வருவது குறைவான வெளிச்சம்தான். அதைவிடப் பல மடங்கு, சுவரில் மாட்டியிருக்கும் 20 வாட் எல்இடி டியூப் லைட்டிலிருந்து வருகிறது. டிவி ஓடும்வரை அந்த டியூப் லைட்டும் எரிகிறது என்பதுதான் உண்மையான சிக்கல்.

கண்ணின் விழித்திரையில், உருவத்தைப் பார்ப்பதற்கென்று இல்லாமல் வெளிச்சத்தின் அளவை மட்டும் மூளையின் கடிகாரத்துக்குச் சொல்கிற செல்கள் இருக்கின்றன. 2002-ல்தான் இவற்றைத் தெளிவாகக் கண்டறிந்தார்கள். 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு இவை அதிகம் எதிர்வினை காட்டும். வெளிச்சம் இருக்கும்வரை "இன்னும் பகல்தான்" என்று தகவல் போகும், தூக்கத்துக்கான ஹார்மோனான மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகும். பிள்ளைகளின் கண்மணி பெரியது, கண்வில்லை தெளிவானது, அதனால் ஒரே அறையில் நம்மைவிட அதிக வெளிச்சம் அவர்கள் விழித்திரைக்குப் போகிறது. 2014-ல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில், ஒரே மாதிரியான அறை விளக்கில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மெலடோனின் குறைந்த அளவு பெற்றோருக்குக் குறைந்ததைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தது. அமெரிக்காவின் கொலராடோவில் 2018-ல் செய்த சிறிய ஆய்வு ஒன்றில், 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளைப் படுக்கப்போகும் முன் ஒரு மணி நேரம் பிரகாசமான விளக்கு மேசையில் விளையாடவிட்டார்கள். மெலடோனின் சுமார் 88 சதவீதம் குறைந்தது. விளக்கிலிருந்து விலக்கி 50 நிமிடம் ஆன பிறகும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது மீளவில்லை. அதே குழு 2022-ல் வெளியிட்ட ஆய்வில் 5 முதல் 40 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரையிலான மங்கலான வெளிச்சத்திலேயே சராசரியாக 78 சதவீதம் குறைவு தெரிந்தது. நம் வீட்டு ஹாலில் டியூப் லைட் எரியும்போது பொதுவாக 100 லக்ஸ் சுலபமாக இருக்கும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொலராடோ ஆய்வுகளில் பிள்ளைகளை அதற்கு முன் நெடுநேரம் மங்கலான வெளிச்சத்தில் வைத்திருந்தார்கள். பகலில் நல்ல வெயில் வெளிச்சம் கண்டிருந்தால் இரவு விளக்கின் பாதிப்பு குறையும். ஆகவே சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை வெளியே விளையாட விடுவது தூக்கத்துக்கான முதல் வேலை. பள்ளி, வேன், டியூஷன், ஹால் என்று நாள் முழுவதும் கூரைக்கு அடியிலேயே இருக்கும் பிள்ளைக்கு டியூப் லைட் அதிகம் வேலை காட்டும்.

இதற்கு மேல் சாப்பாடு. பல வீடுகளில் இரவுச் சாப்பாட்டு நேரத்தைச் சீரியல்தான் தீர்மானிக்கிறது. விளம்பர இடைவேளையில் தோசை வார்த்து, ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு, ஒன்பதரைக்குப் "போய்ப் படு" என்றால் வயிறு நிறைந்த பிள்ளைக்கு உடனே தூக்கம் வராது. 7.15லிருந்து 7.30க்குள் தட்டு வைத்துவிடுங்கள். டிவிக்கு முதுகு காட்டி உட்காரவையுங்கள், இல்லையென்றால் அரை மணிச் சாப்பாடு முக்கால் மணியாகும். மாலை நான்கு மணிக்குப் பிறகு டீ, காபி வேண்டாம், பாலில் கொஞ்சமாகக் கலந்துகூட வேண்டாம்.

இனி செய்ய வேண்டியது. எழும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 6.30க்கு எழ வேண்டும், படுக்கையில் ஒன்பதரை மணி நேரம் வேண்டும், அப்படியானால் 9 மணிக்கு விளக்கணைப்பு. விளக்கை அணைத்து 15 முதல் 20 நிமிடத்தில் தூங்கினால் அது இயல்பு. விளக்கணைப்புக்கு முன் ஒரு மணி நேரம், அதாவது 8 மணியிலிருந்து, அவன் இருக்கும் இடத்தில் டிவி சத்தமும் டியூப் லைட்டும் இருக்கக் கூடாது.

இன்று பத்தரைக்குத் தூங்குகிறவனை நாளை ஒன்பதுக்குப் படுக்கவைத்தால் தோற்றுப்போவீர்கள். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் உடம்பின் கடிகாரம் விழிப்பை உச்சத்தில் வைத்திருக்கும். அந்த நேரத்தில் இருட்டறையில் படுக்கவைத்தால் பிள்ளை புரண்டு புரண்டு, தண்ணீர் கேட்டு, பாத்ரூம் போய், கடைசியில் அழுகையும் அடியுமாக முடியும். படுக்கை என்றாலே சண்டை என்று அவன் மனதில் பதிந்துவிட்டால் அதைச் சரிசெய்ய மாதக்கணக்காகும். மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னுக்கு இழுங்கள். பத்தரையிலிருந்து ஒன்பது வரை 90 நிமிடம், ஆறு படி, பதினெட்டு நாள். ஒரு படியில் மூன்றாம் நாளும் அரை மணிக்கு மேல் விழித்துக் கிடந்தால் அதே படியில் இன்னும் இரண்டு நாள் நில்லுங்கள்.

இரவை முன்னுக்கு இழுப்பது உண்மையில் காலையில் நடக்கிறது. தினம் 6.30க்கு எழுப்பி, 20 நிமிடம் மொட்டை மாடியிலோ வாசலிலோ வெளிச்சத்தில் நிற்கவையுங்கள். பல் தேய்ப்பதையும் பால் குடிப்பதையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளும். ஞாயிற்றுக்கிழமை 7.30க்கு மேல் தூங்கவிட வேண்டாம். ஒன்பதரை வரை தூங்கவிட்டால் அன்று இரவு பதினொன்று ஆகும், திங்கட்கிழமை காலை மறுபடி பழைய கதைதான். பள்ளிவிட்டு வந்து ஐந்து மணிக்குத் தூங்கிவிடுகிற பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். மிகவும் முடியவில்லை என்றால் 20 நிமிடம், அதுவும் நாலரைக்கு முன்னால்.

இடையில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் இப்படிப் போகலாம். எட்டு மணிக்கு டியூப் லைட்டை அணைத்து, 5 அல்லது 7 வாட் 'வார்ம் ஒயிட்' பல்பு ஒன்றைப் போடுங்கள். பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டிருக்கும். 6500 கெல்வின் என்றால் அது வெள்ளை நீலம், வேண்டாம். பல்பு அவன் கண்ணுக்கு நேராக இல்லாமல் சுவரைப் பார்த்து இருக்கட்டும். இரவு முழுக்க எரியும் ஜீரோ வாட்ஸ் பல்பு பல வீடுகளில் நீலமாகவோ பச்சையாகவோ இருக்கிறது. சிவப்பு அல்லது ஆரஞ்சு வாங்குங்கள், அதையும் தரையை ஒட்டி மாட்டுங்கள். வீட்டுப்பாடத்தை மட்டும் மங்கலான வெளிச்சத்தில் செய்யவிடாதீர்கள். அதை ஏழு மணிக்குள் டியூப் லைட்டிலேயே முடித்துவிட வேண்டும்.

எட்டேகாலுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல், அல்லது கை கால் முகம் கழுவல். வெதுவெதுப்பு தோலின் ரத்தக் குழாய்களை விரித்து உடம்பின் உள்வெப்பத்தை வெளியேற்றும். உள்வெப்பம் இறங்குவது தூக்கத்தின் தொடக்கம். பிறகு பல் தேய்த்து, சிறுநீர் கழித்து, உள்ளங்காலில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி ஐந்து நிமிடம் நீவிவிடுங்கள். அதன் பிறகு படுக்கையில் கதை. 2009-ல் வெளியான ஒரு ஆய்வில் மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் குளியல், எண்ணெய் அல்லது லோஷன் தடவல், அமைதியான ஒரு செயல், அரை மணிக்குள் விளக்கணைப்பு என்று ஒரே வரிசையைத் தினமும் கடைப்பிடிக்கச் சொன்னார்கள். இரண்டு வாரத்திலேயே சீக்கிரம் தூங்கினார்கள், இரவில் விழிப்பது குறைந்தது, தாய்மார்களின் மனநிலையும் மேம்பட்டது. ஆறு வயதுக்கும் இதே வரிசை பொருந்தும். எதைச் செய்கிறோம் என்பதைவிட, தினமும் அதே வரிசையில் செய்கிறோம் என்பதுதான் பிள்ளைக்கு "அடுத்தது தூக்கம்" என்று சொல்லும்.

இப்போது அத்தை. நாள் முழுக்க வீட்டில் இருக்கும் பெரியவருக்கு அந்தத் தொடர்கள் பேச்சுத்துணை மாதிரி. "உங்க டிவியாலதான் பையன் கெட்டுப்போறான்" என்று தொடங்கினால் அது உங்கள் வீட்டில் இன்னொரு சீரியலாகிவிடும். உங்கள் கணவர் பேசுவது நல்லது, பையனின் காலை நேரத்தை முன்வைத்து. கேட்க வேண்டியது ஒரு மணி நேரம் மட்டும். எட்டிலிருந்து ஒன்பது வரை வரும் தொடர்களில் எதை விட முடியாது என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலான தொடர்கள் சேனலின் செயலியில் அன்றோ மறுநாளோ கிடைக்கும். மறுநாள் மதியம் பையன் பள்ளியில் இருக்கும்போது டிவியிலேயே போட்டுக்கொடுத்துவிடலாம், ரிமோட்டில் எந்தப் பட்டன் என்று பொறுமையாக ஒரு வாரம் காட்டிக்கொடுத்தால் போதும். ஏழிலிருந்து எட்டும், ஒன்பதிலிருந்து பத்தும் அவருடையதாகவே இருக்கட்டும். எட்டரைக்குக் கதை சொல்லும் பொறுப்பையும் அவருக்கே கொடுத்தால் இன்னும் நல்லது. பேரனோடு தனியாக அரை மணி கிடைப்பது பல பாட்டிகளுக்குச் சீரியலைவிடப் பெரிது, யாரும் கேட்பதில்லை அவ்வளவுதான்.

ஒன்பது மணிக்குப் பிறகு ஹாலில் டிவி ஓடும்போது படுக்கையறைக்குள் என்ன கேட்கிறது என்று நீங்கள் கதவை மூடிக்கொண்டு படுத்துப் பாருங்கள். வசனம் கேட்காது, இசையின் தடதடப்பு மட்டும் கேட்கும், ஏனென்றால் தாழ்ந்த ஒலி சுவரைத் தாண்டும். டிவியின் ஒலி அமைப்பில் 'பேஸ்' அளவைக் குறையுங்கள். 'ஆட்டோ வால்யூம்' அல்லது 'நைட் மோட்' என்று இருந்தால் போடுங்கள், வசனத்துக்கும் இசைக்கும் உள்ள சத்த வேறுபாட்டை அது குறைக்கும். கதவின் அடி இடைவெளியில் ஒரு பழைய துண்டைச் சுருட்டி வையுங்கள், வெளிச்சமும் வராது. படுக்கையறை ஃபேனின் சீரான சத்தம் மீதியை மூடிவிடும். படத்தை 'விவிட்' நிலையிலிருந்து 'மூவி' அல்லது 'சினிமா' நிலைக்கு மாற்றினால் நீலம் குறையும், பெரியவரின் கண்ணுக்கும் சுகம்.

அத்தை சத்தம் அதிகமாக வைக்கிறார் என்றால் காது கேட்கும் திறனை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். வயதாகும்போது முதலில் உயர்ந்த ஒலிகள் மங்கும், 'ச', 'ட' போன்ற எழுத்துகள் தெளியாது, வசனம் புரியாமல் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். பலருக்குக் காதில் மேலே மாட்டும் பெரிய ப்ளூடூத் ஹெட்போனே போதும், உள்ளே செருகும் சின்னதை வாங்க வேண்டாம், பெரியவர்களுக்கு அது நிற்காது. டிவியில் ப்ளூடூத் இல்லையென்றால் ஹெட்போன் துளையில் செருகும் சின்ன டிரான்ஸ்மிட்டர் கிடைக்கிறது.

தனி அறையே இல்லாத வீடு என்றால் ஹெட்போன் கட்டாயம் என்றே சொல்வேன். பிள்ளை படுக்கும் பக்கம் டிவிக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும், திரைக்கு எதிரே கூடாது. இடையில் ஒரு கொடி கட்டிக் கெட்டித்துணித் திரை போட்டால் வெளிச்சத்தின் பெரும்பகுதி நின்றுவிடும்.

சில வீடுகளில் பிள்ளை ஹாலிலேயே டிவி முன்னால் தூங்கிப்போகும், பிறகு தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைப்பார்கள். "டிவி இருந்தாத்தான் தூங்குவான்" என்று சொல்வதும் இதைத்தான். தூக்கம் ஒரே நீளமாக ஓடுவதில்லை. ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணிக்கு ஒருமுறை சுற்று முடிந்து லேசாக விழிப்பு வரும், சுற்றிலும் எல்லாம் தூங்கும்போது இருந்தது போலவே இருந்தால் தெரியாமலேயே அடுத்த சுற்றுக்குப் போய்விடும். வெளிச்சத்திலும் சத்தத்திலும் தூங்கிய பிள்ளை இருட்டிலும் அமைதியிலும் விழிக்கும்போது முழுதாக எழுந்து அழும். அதனால் தூக்கம் வரத் தொடங்கியதும், முழுதாகத் தூங்கிவிடும் முன்னால், அவன் இரவு முழுக்கத் தூங்கப்போகும் இடத்திலேயே படுக்கவைக்க வேண்டும்.

தூங்கிய முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அலறி எழுந்து, கண் திறந்திருந்தும் உங்களை அடையாளம் தெரியாமல், காலையில் எதுவும் நினைவில்லாமல் இருந்தால் அது கெட்ட கனவு இல்லை, இரவு மிரட்சி. தூக்கம் போதாத பிள்ளைகளுக்கு இது அதிகம் வரும். எழுப்பாதீர்கள், உலுக்காதீர்கள், விழுந்து அடிபடாமல் பார்த்துக்கொண்டால் சில நிமிடங்களில் தானே அடங்கும். விடியற்காலையில் அழுது எழுந்து, கண்ட காட்சியைச் சொன்னால் அது கனவு. கட்டிக்கொண்டு உட்காருங்கள், முந்தின நாள் எதைப் பார்த்தான் என்று பகலில் விசாரியுங்கள். "தூங்கலேன்னா பூச்சாண்டி வந்துடுவான்" என்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். பயந்த உடம்பு தூங்காது.

பையன் தனக்கென்று டிவி பார்ப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் சியாட்டிலில் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2011-ல் வந்தது. இரவு ஏழு மணிக்குப் பிறகு திரை பார்த்த நேரம் கூடக்கூடத் தூக்கச் சிக்கல்கள் கூடின. பகலில் பார்த்தாலும் அடிதடிக் காட்சிகள் தூக்கத்தைக் கெடுத்தன. பகலில் பார்த்த அமைதியான நிகழ்ச்சிகளுக்கு அப்படித் தொடர்பு தெரியவில்லை. அடுத்த ஆண்டு அதே குழு, மொத்த நேரத்தைக் குறைக்கச் சொல்லாமலேயே அடிதடிக்குப் பதிலாக அமைதியான, நல்ல பழக்கம் காட்டும் நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கக் குடும்பங்களுக்கு உதவியபோது தூக்கச் சிக்கல்கள் குறைந்தன. ஆகவே அவனுக்கு உரிய அரை மணியை விளையாடி வந்த பிறகு ஆறு மணிக்குக் கொடுங்கள். துரத்தலும் அடியுமாக ஓடும் கார்ட்டூன் வேண்டாம். குற்றச் செய்திகளைத் திரும்பத் திரும்பக் காட்டும் செய்திச் சேனலும் வேண்டாம்.

ஐபிஎல் மாதங்களில் அப்பா தரப்பிலிருந்து சிக்கல் வரும். இரவுப் போட்டி 7.30க்குத் தொடங்கிப் பதினொன்றைத் தாண்டும். பவர்பிளேயின் ஆறு ஓவர் ஏறத்தாழ எட்டு மணிக்கு முடிந்துவிடும், அதுவரை அப்பாவோடு உட்கார்ந்து பார்க்கட்டும். மீதி என்ன ஆனது என்பதைக் காலையில் பால் குடிக்கும்போது ஹைலைட்ஸாகக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்து அதைக் காப்பாற்றுங்கள். காலையில் தானே எழுந்து வர அதைவிட நல்ல காரணம் கிடையாது.

டிவியை நிறுத்திவிட்டு அழுகையை அடக்க மொபைலைக் கையில் கொடுப்பதுதான் நான் பார்க்கும் பெரிய தவறு. அது ஒரு சாண் தூரத்தில் கண்ணுக்கு நேரே இருக்கிறது, ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானே ஓடுகிறது, விரல் சும்மா இருக்காது. டிவியே தேவலாம். இன்னொன்று, பையனைப் படுக்கவைத்துவிட்டு எல்லோரும் ஹாலில் கூடிச் சிரித்துப் பேசுவது. தன்னைத் தவிர மற்றவர்களுக்கு ஏதோ நல்லது நடக்கிறது என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் எழுந்து வரும். முதல் வாரம் விளக்கணைத்த பின் அரை மணி நேரம் யாராவது ஒருவர் அவன் பக்கத்தில் படுங்கள். தொடக்க நாட்களில் ஏதோ ஒருநாள் எதிர்ப்பு உச்சத்துக்குப் போகலாம். அன்று ஒருநாள் இறங்கிப்போனால் அழுதால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான். மெலடோனின் மிட்டாய்களை இணையத்தில் பார்த்து வாங்கிக் கொடுக்காதீர்கள். மருத்துவர் சொல்லாமல் அது பிள்ளைக்கு வேண்டாம்.

வீட்டில் இரண்டு வயதுக்குள் கைக்குழந்தையும் இருந்தால் அதற்குத் திரையே கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னதும் இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்வதும் ஒன்றுதான், இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. பாட்டி மடியில் டிவி முன்னால் பால் குடித்துத் தூங்குவதும் இதில் சேரும்.

ஒரு நோட்டில் நான்கு கட்டம் போட்டுத் தொடங்கும் முன் ஒரு வாரம் எழுதுங்கள்: விளக்கணைத்த நேரம், தூங்கிய நேரம், இரவில் விழித்தது, காலையில் எத்தனை முறை எழுப்பினோம். கடைசிக் கட்டம்தான் உங்களுக்கு விடை சொல்லும். ஒரே அழைப்பில் எழுந்து, கால் மணியில் முகம் தெளிந்தால் தூக்கம் போதுகிறது.

ஒன்பது மணிக்குத் தூங்கி நான்கு வாரம் ஆகியும் காலையில் சோர்வாகவே எழுந்தால் காரணம் வேறு. வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் குறட்டை, வாயால் மூச்சு, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுவது இருந்தால் மூக்கின் பின்புற அடினாய்டு சதையோ டான்சிலோ வீங்கியிருக்கலாம், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள், குறட்டையை 30 நொடி வீடியோ எடுத்துக்கொண்டு போனால் அவருக்கு உதவும். படுத்ததும் கால் குடைகிறது, பிடித்துவிடு என்று தினமும் கேட்டால் இரும்புச் சத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைவாக இருக்கலாம். இரவில் ஆசனவாயில் அரிப்பு என்றால் கீரிப்பூச்சியாக இருக்கலாம், அதற்கு மாத்திரை வீட்டில் எல்லோருக்குமே கொடுக்கச் சொல்வார்கள்.

திருமணம், திருவிழா, ஊர்ப் பயணம் என்று ஓர் இரவு பதினொன்று ஆனால் பரவாயில்லை. மறுநாள் காலை வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடாமல் எழுப்பி வெளிச்சத்துக்குக் கூட்டிப்போங்கள், அன்று இரவு ஒன்பது மணிக்கே தூங்கிவிடுவான்.